"பழசே நன்றாக இருந்தது" என்றால் போதுமா?

ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக ஒரு கணினி மொழி படித்து வருகிறேன். எந்த மொழி என்பது வேண்டாம். சமீபத்தில் அதன் இணையதளத்தை அடியோடு மாற்றிவிட்டார்கள். வைத்த பொருள் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். "பழசே நன்றாக இருந்தது. ஏன் கெடுத்தீர்கள்?" என்று எழுதி, அனுப்பும் முன் மகனிடம் காட்டினேன்.

"அப்பா, பரீட்சைப் பேப்பர்ல 'சரியில்லை'ன்னு மட்டும் எழுதி எந்தப் பையனுக்காவது குடுத்திருக்கீங்களா?" என்றான்.

சுருக்கென்றது. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எந்த வரியில் தப்பு என்று சுழித்துக் காட்டாமல் பேப்பரைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

அவன் ஒரு பழைய கதை சொன்னான். ஹாஸ்கெல் என்று ஒரு கணினி மொழி, 1990-ல் வந்தது. 2015-ல் அதன் தளத்தைப் புதுப்பித்தபோது, முகப்பிலேயே பகா எண்களை வரிசையாகத் தரும் சில வரிப் புரோகிராம் ஒன்றைப் போட்டார்கள். அதில் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எரட்டோஸ்தனிஸ் சல்லடையை நாம் பள்ளியில் போட்டிருப்போம். 1 முதல் 100 வரை எழுதி, 2-ஐ விட்டுவிட்டு 4, 6, 8 என்று அடிப்போம். பிறகு 3-ஐ விட்டுவிட்டு 6, 9, 12. வகுத்தலே கிடையாது. 97-இன் மேல் பேனா படவே படாது. அந்தப் புரோகிராமோ 97-ஐ அதற்கு முன்னுள்ள 24 பகா எண்களாலும் வகுத்து, மீதி பார்த்த பிறகுதான் விடும். விடை சரி, வழி வேறு, எண்கள் பெருகப் பெருக மிக மெதுவானதும்கூட. இது உண்மையான சல்லடை அல்ல என்று மெலிசா ஓ'நீல் என்ற பேராசிரியை 2009-லேயே கட்டுரை எழுதியிருந்தார்.

இந்தக் குறையைச் சிலர் குறிப்பாக எடுத்துச் சொன்னார்கள். 'சல்லடை' போய், 'பகா எண் வடிகட்டி' என்று பொருள்படும் பெயர் வந்தது. மாறியது ஒரே ஒரு சொல். ஆனால் புதிதாகக் கற்க வருகிறவர் முதலில் பார்க்கும் இடத்தில் இருந்த தப்பு திருந்தியது. "முகப்பு நன்றாக இல்லை" என்று நூறு பேர் எழுதியிருந்தாலும் இது நடந்திருக்காது.

2018 டிசம்பரில் ரஸ்ட் என்ற மொழியின் தளம் மாறியபோதும் இப்படித்தான். முகப்பில் இருந்த மாதிரிப் புரோகிராமைக் காணோம், பிற மொழிகளில் இருந்த மொழிபெயர்ப்புகளைக் காணோம் என்று பலர் இன்னதென்று சுட்டிச் சொன்னார்கள். மொழிபெயர்ப்புகள் பிறகு திரும்பி வந்தன. தினமும் புழங்குகிறவருக்குத் தெரிவது மாற்றி அமைப்பவர் கண்ணுக்குப் படாமல் போகலாம். அதற்காகத்தானே கருத்துக் கேட்கிறார்கள்.

சொன்னதையெல்லாம் அவர்கள் செய்ய வேண்டும் என்பதில்லை. நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்பது என் ருசி. அது அவர்கள் குறையாகாது. இம்மாதிரித் தளங்களில் பலர் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள். திட்டினால் ஒருநாள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நஷ்டம் நமக்குத்தான்.

எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். "பாடங்களை மொத்தமாக அச்செடுக்க ஒரு கோப்பு இருந்தது. மெனுவில் தேடினேன், தேடல் பெட்டியிலும் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, கண்புரை அறுவை செய்துகொண்ட எனக்குத் தெரியவில்லை. பயிற்சிக் கணக்குகளைத் தனியாகப் பிரித்தது நன்றாக இருக்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள்."

இரண்டு வாரத்தில் எழுத்தைக் கருப்பாக்கினார்கள். அச்சுக் கோப்பு இன்னும் வரவில்லை.

நாளைக்கு உங்கள் வங்கிச் செயலியோ மின்கட்டணத் தளமோ மாறினால், எதைத் தேடினீர்கள், எங்கே தேடினீர்கள், எது கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதுங்கள். நம் வயதுக் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.