வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது? ஒரு டாக்டரின் பதில்

1/
பி.பி. பார்த்து, மாத்திரை எழுதி முடிச்சதும் அடிக்கடி வர்ற கேள்வி: "டாக்டர், வீட்டு லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?"
நான் கம்ப்யூட்டர் நிபுணர் இல்லை. ஆனா ஒரு மருந்தை நம்பலாமா, அது இந்த ஆளுக்குத் தேவையா என்று பார்ப்பதுதான் என் தினசரி வேலை. அதே கண்ணோடு இதையும் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/
முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன். விண்டோஸ் 11 ஓடுற பெரும்பாலான வீடுகளுக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் கூடவே வர்ற மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் போதும். மிச்சமாகிற காசுக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்க. ஏன்னு கீழே சொல்றேன்.

3/
மருந்து கம்பெனி விளம்பரத்தைப் பார்த்து நான் மருந்து எழுதறதில்லை. வெளியாள் யாராவது சோதிச்சாங்களான்னு பார்ப்பேன். ஆன்டிவைரஸுக்கும் அப்படிச் சோதிக்கிற இடங்கள் உண்டு. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ். முடிவுகளை அவங்க இணையதளத்தில் யாரும் இலவசமா பார்க்கலாம்.
ஏவி-டெஸ்ட் மூணு விஷயத்துக்கு மார்க் போடும்: வைரஸைப் பிடிக்குதா, கம்ப்யூட்டரை மந்தமாக்குதா, நல்ல ஃபைலை வைரஸ்னு சொல்லிப் பதற வைக்குதா. ஒவ்வொண்ணுக்கும் 6, மொத்தம் 18. சமீப வருஷங்களில் டிஃபெண்டர் இதில் முன்வரிசையில்தான் இருக்கு.
மூணாவது விஷயத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. வர்றவங்க எல்லாருக்கும் சுகர் இருக்குன்னு சொல்ற டெஸ்ட்டை வச்சு என்ன பண்றது?

4/
அடுத்தது பக்கவிளைவு. இலவசம்னா எல்லாமே இலவசம் இல்லை. அவாஸ்ட் பயன்படுத்தினவங்க எந்தெந்த இணையதளத்துக்குப் போனாங்க என்ற தகவலைச் சேகரிச்சு விற்றதுக்காக, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.சி. அந்தக் கம்பெனியை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வச்ச ஆளே வீட்டுக் கதையை வெளியே விற்ற மாதிரி.
இன்னொண்ணு: ரெண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்தில் ஓட்டாதீங்க. ரெண்டு டாக்டர்கிட்ட தனித்தனியா மருந்து வாங்கி ஒண்ணா முழுங்கற கதைதான். ஒண்ணோட ஒண்ணு மோதும், மெஷின் திணறும்.

5/
"வ.உ.சி. பிறந்த ஊர்ல இருந்துக்கிட்டு சுதேசி சரக்கைச் சொல்ல மாட்டீங்களா டாக்டர்?" என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம நாட்டுச் சரக்கும் இருக்கு: கே7 சென்னைக் கம்பெனி, குயிக் ஹீல் புனே கம்பெனி.
ஆனா 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச வ.உ.சி., காலியா கப்பலைப் பிரான்சில் இருந்துதான் வரவழைச்சார். கம்பெனி நம்மளுது, கப்பல் கடலில் ஓடணும். அதனால நம்ம ஊர் ஆன்டிவைரஸா இருந்தாலும் மேலே சொன்ன சோதனை மார்க்கைப் பார்த்து வாங்குங்க. கடையில் நாலைஞ்சு கம்ப்யூட்டர் வச்சுக் கணக்கு எழுதறவங்க, பிரச்சினைன்னா போன் பண்ணிக் கேட்க ஆள் வேணும்கிறவங்க, இவங்களுக்குக் காசு கொடுத்து வாங்கறதில் அர்த்தம் இருக்கு.

6/
இப்போ முக்கியமான இடம். ஆன்டிவைரஸ் மட்டும் காப்பாத்தாது. தடுப்பூசி மாதிரி வேலை செய்றது விண்டோஸ் அப்டேட்.
2017 மே 12 அன்று வானாக்ரை உலகம் பூரா பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட்டுகளையே ரத்து பண்ண வச்சது. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாசமே வந்தாச்சு. போடாதவங்கதான் மாட்டினாங்க.
நம்ம பக்கம் இன்னும் பல வீட்டில் 2011-க்கு அப்புறம் அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஓடுது. அதில் விண்டோஸ் 7 இருந்தா, 2020 ஜனவரி 14 உடன் அப்டேட் நின்னுபோச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான அப்டேட் முடிஞ்சது. கூடுதல் காலத்துக்குத் தனியா பதிவு பண்ணணும். பழைய மெஷினில் எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். அதில் பேங்க் வேலை வேண்டாம். தெரிஞ்ச பையனை வச்சு லினக்ஸ் போட்டுக்கலாம்.

7/
அடுத்து 'கிராக்' சாஃப்ட்வேர். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று எது சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்க. ஸ்டாப் என்ற ரான்சம்வேர் வகை பெரும்பாலும் இந்த வழியாத்தான் வீடுகளுக்குள்ள வருது.
என்கிட்ட வர்ற ஒரு குடும்பம். மகன் கப்பலில் வேலை. அவரோட சான்றிதழ் ஸ்கேன், இறந்துபோன அப்பாவோட போட்டோ எல்லாம் ஒரே லேப்டாப்பில். போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணை யாரோ ஓசியில் போட்டுக் கொடுத்திருக்காங்க. மறுநாள் ஒரு ஃபைலும் திறக்கலை. பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் இருந்தது. சான்றிதழை மறுபடி ஸ்கேன் பண்ணிக்கிட்டாங்க. அப்பாவோட போட்டோவுக்கு வேற காப்பி இல்லை. அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுக்க மருந்து ஏது?

8/
அதனாலதான் ஹார்டு டிஸ்க் வாங்கச் சொன்னேன். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை ரான்சம்வேர் தாக்கியது. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. ஓ.பி. சீட்டுல இருந்து லேப் ரிப்போர்ட் வரை நாள்கணக்கில் கையால் எழுதினாங்க. கடைசியில் நோயாளிகள் பதிவை மீட்டுக் கொடுத்தது, பாதிக்கப்படாம இருந்த ஒரு பேக்கப் சர்வர்.
நம்ம தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிக்க இறங்கினவங்க எவ்வளவு கெட்டிக்காரங்களா இருந்தாலும், மேலே தோணியில் ஒருத்தர் கயிறு பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பார். பேக்கப் அந்தக் கயிறு.

9/
இன்னைக்கே செய்ய வேண்டியவை:
• விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து எல்லாம் பச்சையா இருக்கான்னு பாருங்க.
• லேப்டாப்போட வந்த இலவச ஆன்டிவைரஸ் காலம் முடிஞ்சு கிடந்தா, நீக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கான்னு பார்த்துக்கோங்க.
• அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க.
• மாசம் ஒரு தடவை முக்கியமான ஃபைல்களை ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழட்டித் தனியா வைங்க. செருகியே வச்சிருந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும்.
• பிரின்ட் எடுக்கக் கடைக்குக் கொண்டுபோன பென் டிரைவை ஸ்கேன் பண்ணாம திறக்காதீங்க.
• "உங்க கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க" என்று திரையில் வந்தா அது மோசடி. போன் பண்ணாதீங்க.
• பணம் போயிட்டா தாமதிக்காம 1930-க்கு அழைங்க.

10/
வீட்டில் லேப்டாப்பைக் கையாள்ற பிள்ளைக்கு இந்தப் பதிவை அனுப்பி, "நம்ம போட்டோவுக்கு வேற காப்பி இருக்கா?" என்று மட்டும் கேளுங்க. இல்லைன்னு பதில் வந்தா, எந்த ஆன்டிவைரஸ் என்ற கேள்வியை அப்புறம் பார்த்துக்கலாம்.
சந்தேகம் இருந்தா கமென்ட்டில் கேளுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.


பொது மருத்துவர், ஓட்டப்பிடாரம்