கூடைக்குள் ஒரு பாங்கி!
நாட்டுக் கோழிக்கு மவுசு கூடுகிறது; குஞ்சு பிழைக்க வழி என்ன?

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள்தான் இருக்கிறது. பையனுக்கு நோட்டும் பையும் வாங்க வேண்டும். வீட்டுக்காரர் கையில் காசு இல்லை. கூலி சனிக்கிழமைதான் வரும்.

அம்மா யாரிடமும் கடன் கேட்கப் போகவில்லை. விடியற்காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்கினாள். ஒரு சேவலைப் பிடித்தாள். காலைக் கட்டினாள். சந்தைக்குப் போனாள். மத்தியானம் நோட்டும் பையுமாகத் திரும்பி வந்தாள்!

நம் கிராமங்களில் இது அன்றாடம் நடக்கிற காரியம். ஏழை வீட்டுக்குப் பாங்கி எது? கூடைக்குள் இருக்கும் கோழிதான்! மனுப் போட வேண்டாம். ஜாமீன் கொடுக்க வேண்டாம். வட்டியும் கிடையாது.

அந்தப் பாங்கிக்கு இப்போது நல்ல காலமா, கெட்ட காலமா? இரண்டும்தான்! எப்படி என்று பார்ப்போம்.

அமெரிக்காவிலும் கோழிக் கூடு!

2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் பரவத் தொடங்கியது. ஒரு பண்ணையில் இந்த நோய் கண்டுவிட்டால் அங்குள்ள அத்தனை கோழிகளையும் கொன்றுவிடுகிறார்கள். இப்படி மூன்று ஆண்டில் 15 கோடிக்கு மேற்பட்ட பறவைகள் அழிந்தன.

முட்டைக்குப் பஞ்சம் வந்தது. 2025 மார்ச் மாதத்தில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலருக்கு மேல் போயிற்று. நம் பணத்தில் 500 ரூபாய்க்கு மேல்! ஒரு முட்டை 40 ரூபாய்க்கு மேல் என்று ஆகிறது.

அந்த மாதம் அந்நாட்டு விவசாய மந்திரி புரூக் ரோலின்ஸ் அம்மாள் டெலிவிஷனில் பேசினார். மக்கள் கொல்லையில் கோழி வளர்க்க நினைப்பதைப் பாராட்டிப் பேசினார். பணக்கார நாட்டு மந்திரி சொன்ன யோசனை அது. நம் பாட்டிமார்கள் அதை யாரும் சொல்லாமலே செய்து வந்தார்கள்!

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வீட்டுக் கோழிக்குப் பறவைக் காய்ச்சல் வராது என்று எண்ணுவது தவறு. வரும். ஆனால் ஒரே கொட்டகையில் லட்சம் கோழி இருந்தால் ஒரே நாளில் லட்சமும் போய்விடும். ஊரெல்லாம் பத்தும் இருபதுமாகப் பிரிந்து இருந்தால் அவ்வளவும் ஒன்றாகப் போகாது.

கணக்கு என்ன சொல்கிறது?

2019-ல் மத்திய சர்க்கார் கால்நடைக் கணக்கு எடுத்தது. நாடு முழுவதும் 85 கோடி கோழி, வாத்து முதலிய பறவைகள் இருந்தன. அவற்றில் தமிழ்நாட்டில் மட்டும் 12 கோடி. இந்தியாவிலேயே முதல் இடம் நமக்குத்தான்!

இதில் ஓர் அதிசயம் உண்டு. 2012-ம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால், பண்ணைப் பறவைகள் 100 இருந்த இடத்தில் சுமார் 105 ஆகியிருந்தன. வீட்டுக் கொல்லையில் வளரும் பறவைகளோ 100 இருந்த இடத்தில் 146 ஆகியிருந்தன! மொத்தம் 31 கோடிக்கு மேல்.

பண்ணைகள் வந்த பிறகு வீட்டுக் கோழி ஒழிந்துவிடும் என்றார்கள். ஒழியவில்லை. பெருகியது!

இரண்டும் வேண்டும்

நாமக்கல் பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது. நம் வீட்டு நாட்டுக் கோழி அறுபது எழுபது முட்டை இட்டால் அதிகம். போட்டி போட முடியுமா? முடியாது. போட்டி போடவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் 2010 முதல் வாரத்துக்கு 5 முட்டை கொடுக்க முடிந்ததற்குக் காரணம் பண்ணைகள்தான்.

ஆனால் பண்ணை வைக்க முதல் வேண்டும். கொட்டகை வேண்டும். மக்காச்சோளமும் சோயாவும் விலைக்கு வாங்க வேண்டும். வீட்டுக் கோழிக்கு என்ன வேண்டும்? களத்தில் சிந்திய தானியம், குருணை, புழு, பூச்சி, கறையான், இலை தழை. இவை போதும்.

கறையானுக்குக் கூட நம் பெரியவர்கள் ஒரு வழி கண்டார்கள். பழைய பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணமும் ஓலையும் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். கறையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான்! குஞ்சுக்குக் காசில்லாத தீனி!

பண்ணை முட்டையின் காசு முதலாளிக்குப் போகிறது. வீட்டுக் கோழியின் காசு அம்மாவின் முந்தானை முடிச்சுக்குப் போகிறது. வித்தியாசம் இதுதான்.

3,600 ரூபாய் எங்கே போயிற்று?

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கோழியை 12 முட்டையில் அடை வைக்கிறோம். 21 நாளில் குஞ்சு பொரிக்கிறது. கூமுட்டை போக 9 குஞ்சு கிடைக்கிறது. அதில் 8 பிழைத்து வளர்கிறது. ஐந்து மாதத்தில் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோழிக்கு 600 ரூபாய். எட்டுக்கு 4,800 ரூபாய்!

எட்டுக்குப் பதில் இரண்டுதான் பிழைத்தது என்றால்? 1,200 ரூபாய்தான். அதே கோழி. அதே முட்டை. அதே உழைப்பு. 3,600 ரூபாயைக் காணோம்! யார் திருடியது?

பருந்து தூக்கியது கொஞ்சம். காக்கை கொத்தியது கொஞ்சம். பூனையும் கீரியும் பிடித்தது கொஞ்சம். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, முதல் மாதம் குஞ்சுகளைக் கண்காணித்தால் இந்தத் திருடர்களைத் தடுக்கலாம்.

இவர்களை விடப் பெரிய திருடன் ஒருவன் இருக்கிறான். அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் பெயர் வெள்ளைக் கழிச்சல்!

டாக்டர்கள் இதை ராணிக்கெட் நோய் என்கிறார்கள். ராணிக்கெட் என்பது இமயமலைப் பக்கத்து ஊர். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவில் அங்கே கண்டறிந்ததால் அந்தப் பெயர் வந்தது.

முதலில் கோழி தூங்கி விழும். இறக்கை தொங்கும். தீனி எடுக்காது. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ஒரு வீட்டில் தொடங்கினால் தெருவே காலி! வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. வரும் முன் தடுக்க மருந்து உண்டு.

மருந்து மலிவு, புட்டி பெரிது!

குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 8 வாரம் ஆனதும் இறக்கையடியில் ஓர் ஊசி. இடையில் எப்போது மறுபடி கொடுப்பது என்பதை மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்வார். ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டித் தமிழ்நாடு சர்க்கார் இரண்டு வாரம் ஊர் ஊராக முகாம் நடத்தி இலவசமாக ஊசி போடுகிறது. பிடிக்க முடியாமல் ஓடும் நாட்டுக் கோழிக்காகத் தீனியோடு தின்னும் குருணை மருந்து ஒன்றையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருக்கிறது.

பிறகு ஏன் கோழிகள் சாகின்றன? இங்கேதான் விஷயம் இருக்கிறது!

சொட்டு மருந்தும் ஊசி மருந்தும் நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்றுதான் புட்டியில் வருகின்றன. புட்டியைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆயிரம் கோழி உள்ள பண்ணைக்காரருக்கு இது சுலபம். எட்டுக் கோழி உள்ள அம்மா ஒரு புட்டியை என்ன செய்வாள்? பஸ் ஏறிப் போய் வாங்கி வருவதற்குள் மருந்து சூடாகிவிடுமே!

மருந்து விலை ஏழைக்கு எட்டுகிறது. மருந்துப் புட்டியின் அளவுதான் எட்டவில்லை. ஏழை வீட்டுக் கோழி சாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

முகாம் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. கோழியோ ஆண்டுக்கு மூன்று தடவை குஞ்சு பொரிக்கிறது. மார்ச்சில் பொரித்த குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்குமா?

ஆடு கற்றுத் தந்த பாடம்

ஆட்டுக்கும் இதே கதைதான். 2011-ல் தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு இலவசமாகக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டில் 7 லட்சம் குடும்பங்களுக்கு என்பது இலக்கு. கிராமப் பெண்களுக்குக் கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டங்களும் பின்னால் வந்தன. நல்ல காரியம். எட்டயபுரத்திலும் அய்யலூரிலும் தீபாவளிக்கு முந்திய சந்தையைப் பார்த்தவர்களுக்கு ஆட்டின் அருமை தெரியும்.

ஆனால் ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் பட்டியே காலியாகிவிடும். இந்த நோய் இந்தியாவில் முதலில் தெரிந்தது எங்கே? நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான்! ஆண்டு 1987. அந்த அரசூரில் கிடைத்த கிருமியைக் கொண்டே நம் விஞ்ஞானிகள் தடுப்பூசியும் செய்தார்கள். 2030-க்குள் இந்த நோயை உலகத்திலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன.

பாடம் என்ன? உயிரைக் கொடுப்பது பாதி வேலை. உயிரைக் காப்பது மீதிப் பாதி. குஞ்சு கொடுத்த கணக்கைக் காகிதத்தில் எழுதுகிறோம். ஓராண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கணக்கையும் எழுத வேண்டும்!

ஏமாறாதீர்கள்!

நாட்டுக் கோழிக்கு விலை கூடினால் ஏமாற்றுக்காரர்களும் கூடுவார்கள். பழுப்பு முட்டை எல்லாம் நாட்டு முட்டை அல்ல. பழுப்பு முட்டை இடும் பண்ணைக் கோழியும் உண்டு. ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

வனராஜா, கிரிராஜா போன்ற இனங்கள் நாட்டுக் கோழியை விட அதிகம் முட்டை இடும். சீக்கிரம் வளரும். ஆனால் அவை பெரும்பாலும் அடை காப்பதில்லை. குஞ்சுக்கு மறுபடி வெளியே காசு கொடுக்க வேண்டும். ஆகவே எந்த இனம் வளர்த்தாலும் வீட்டில் ஓர் அடைக்கோழி இருக்கட்டும். அது காசில்லாத குஞ்சுப் பண்ணை!

"பணத்தைப் போடுங்கள், பறவை தருகிறோம், மாதாமாதம் சம்பளம் தருகிறோம்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். 2012-ல் கொங்கு நாட்டில் ஈமு கோழியை நம்பிப் பணத்தைப் போட்டுத் தவித்த குடும்பங்கள் எத்தனை! கோழி சாகலாம். ஆனால் ஐநூறு ரூபாயோடு போகும். வாழ்நாள் சேமிப்பு போனால் திரும்புமா?

தெரு ஒன்று சேர வேண்டும்

வழி என்ன? சுலபமான வழி இருக்கிறது.

ஒரு தெருவில் 15 வீடு. வீட்டுக்கு எட்டுக் கோழி என்றால் 120 கோழி ஆகிவிடும். ஒரு புட்டிக்குச் சரியாகப் போயிற்று! மகளிர் சுய உதவிக் குழு ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறதே. மாதத்தில் ஒரு நாளைக் கோழி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம் கோழி அடைந்ததும் கூட்டைச் சாத்தி வையுங்கள். மறுநாள் விடியற்காலையில் டாக்டரையோ கால்நடை உதவியாளரையோ ஐஸ் பெட்டியோடு வரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் தெரு முழுவதும் முடிந்துவிடும்.

சர்க்காரும் ஒன்று செய்யலாம். ஆண்டு முகாம் நடக்கட்டும். அதோடு மாதத்துக்கு ஒரு நாள் ஊருக்கு வரட்டும். சிறு புட்டி மருந்து செய்ய ஏற்பாடு செய்யட்டும்.

நாமும் ஒரு கெட்ட வழக்கத்தை விட வேண்டும். கோழி தூங்கி விழுந்தால் அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுகிறோம். அல்லது செத்ததைக் குப்பைமேட்டில் எறிகிறோம். நாய் இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் நோயைப் பரப்புகிறது. நோய்க் கோழியைத் தனியே அடையுங்கள். செத்தால் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பல கோழிகள் ஒரே சமயத்தில் செத்தால் கையால் தொடாமல் மாட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக் கோழி பிழைத்தால்தான் நம் வீட்டுக் கோழியும் பிழைக்கும்.

அடுத்த ஆண்டும் பள்ளிக்கூடம் திறக்கும். அம்மா விடியற்காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்குவாள். உள்ளே சேவல் இருக்க வேண்டும்!