பக்கத்து மேசையின் தகுதி

மலேசியப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் துறைகளில் பட்டமேற்படிப்பு மேற்கொண்டுள்ள தமிழ் மாணவர் சிலர் ஒன்றுகூடினால் ஒரு குறை தவறாமல் எழுகின்றது. எஸ்.டி.பி.எம். எழுதி, முட்டி மோதி முன்னேறி வந்தவனும், மோலார் கரைசல் ஒன்றைக் கணக்கிட்டுக் கலக்கத் தெரியாதவனும் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையைப் பங்கிட்டுக்கொள்வதா? இருவருக்கும் ஒரே பட்டமா? இதுவே அக்குறை. தமிழாசிரியர் பலரும் இதற்குத் தலையசைக்கின்றனர். வகுப்பறைகளில் இது ஓர் அறிவுரையாகவே வளர்ந்துவிட்டது: "அவர்களைவிட இருமடங்கு தகுதியோடு போ, அங்கே உனக்கு இணையானவர் எவரும் இருக்கமாட்டார்."

இக்குறையில் உண்மை உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. இளங்கலைப் பட்டப்படிப்பின் வாயில் அனைவருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. இன ஒதுக்கீட்டு முறைக்கு மாற்றாக 2002ஆம் ஆண்டில் "தகுதி முறை" அறிவிக்கப்பட்டது. ஆனால், ஒன்றரை ஆண்டு நீளும் பொதுத்தேர்வாகிய எஸ்.டி.பி.எம்.மையும், பெரும்பாலோர் ஓராண்டில் முடிக்கும் மெட்ரிகுலேஷனையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டு, அதற்குத் தகுதி என்று பெயர் சூட்டியதை நடுநிலையாளர் எவரும் ஏற்றிலர். மெட்ரிகுலேஷன் இடங்களோ நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்ராக்களுக்கு என வகுக்கப்பட்டிருந்தன. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-க்களும் அதற்கு மேலும் பெறும் மாணவர் அனைவருக்கும், இன வேறுபாடின்றி, அங்கு இடமுண்டு என்னும் அறிவிப்பு 2024இல்தான் வந்தது. இவற்றை எதிர்த்து எழுதுவதும் பேசுவதும் சமுதாயத்தின் உரிமை, கடமையுமாகும்.

ஆனால், வாயிலில் நடந்த அநீதியின் கணக்கை உள்ளே மேசையருகில் நிற்பவனிடம் தீர்த்துக்கொள்வது எந்த அறத்தைச் சேர்ந்தது? முதுகலைக்கோ முனைவர் பட்டத்திற்கோ வருபவர் ஓர் இளங்கலைப் பட்டத்தோடு வருகிறார். அவர் எவ்வழியாக அப்பட்டப்படிப்பில் நுழைந்தார் என்பது நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. இடையில் அவர் கற்றதும் கல்லாததும் அவர் பயின்ற துறையின் பொறுப்பு. இதையெல்லாம் எண்ணிப் பார்க்காமல், முகத்தைக் கண்டதுமே "இவர் எப்படி வந்தார் என்பது தெரியாதா" என்று முணுமுணுப்பவர், தகுதியை அளக்கவில்லை, இனத்தை எண்ணுகிறார். அந்தப் பேச்சில் "தகுதி குறைந்தவர்" என்பது பல வேளைகளில் ஓர் இனப்பெயருக்குப் போர்த்திய போர்வையே. தன்னை இனத்தால் அளந்தார்கள் என்று குமுறுபவன், அதே அளவுகோலைக் கைமாற்றிக்கொள்வது வேடிக்கை.

அது கிடக்க, தேர்வுப் புள்ளிகள் ஆராய்ச்சித் திறனை எவ்வளவு தூரம் காட்டுகின்றன? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பட்டமேற்படிப்புக்கு ஆள் சேர்க்க ஜி.ஆர்.இ. என்னும் தேர்வை நெடுங்காலம் நம்பியிருந்தன. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவ முனைவர் பட்ட மாணவர்களின் தேர்வுப் புள்ளிகளையும் பின்னாளைய சாதனையையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. யார் பட்டத்தை முடிப்பார், யார் முதலாசிரியராகக் கட்டுரைகள் வெளியிடுவார் என்பதை அப்புள்ளிகள் முன்கூட்டி உணர்த்தவில்லை என்று அது கண்டது. ஏற்கெனவே தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்டவர்களை மட்டுமே வைத்துச் செய்த கணக்கு என்று அதனை மறுப்போர் உண்டு, அம்மறுப்பு நியாயமானதே. எனினும் ஆய்வுக்கூடத்திற்குள் வந்துவிட்டவர்களைப் பற்றிய கேள்விக்கு அக்கணக்கே பொருந்தும். அதன் பின்னர் அங்குள்ள உயிரியல் துறைகள் பலவும் அத்தேர்வைக் கைவிட்டன.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்று, 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்த இராமானுசனை ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் போற்றுகின்றது. அவர் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றபோது, அங்குள்ள எந்த அளவுகோலின்படியும் தகுதி குறைந்தவர். கலப்பெண் சார்பியலின் அடிப்படைத் தேற்றங்களே அவருக்குத் தெரியா. நிறுவல் என்றால் என்னவென்பதில் அவருக்குத் தெளிவிருக்கவில்லை. அவரோடு இணைந்து பணியாற்றிய ஹார்டியோ, 1898ஆம் ஆண்டு டிரைபாஸ் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். ஆனால், அத்தேர்வு முறையே கணிதத்தைக் கெடுக்கிறது என்று பின்னர் ஓயாது வாதாடியவரும் அவரே. தம்மிடம் வந்தவரின் குறைகளை அவர் மறைக்கவில்லை. இல்லாததுபோல் பாவிக்கவும் இல்லை. எதைக் கற்பிப்பது, எதைக் கற்பிக்கப்போய் அந்த ஊற்றை அடைத்துவிடக்கூடும் என்று எண்ணியெண்ணிக் கற்பித்தார். 1918இல் இருவர் பெயராலும் வெளிவந்த எண் பிரிவினைக் கட்டுரை அந்த மேசையிலிருந்து பிறந்ததுதான். தமிழ்ப்பள்ளிச் சுவர்களில் இராமானுசன் படத்தை மாட்டுபவர்கள் ஹார்டியின் படத்தையும் அருகில் மாட்டியிருந்தால், மாணவர்க்கு இன்னொரு பாதியும் விளங்கியிருக்கும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944 நவம்பர் 29ஆம் நாள், நீலநிறக் குழந்தை ஒன்றின் இதயக் குறைக்கான அறுவை சிகிச்சையை மருத்துவர் பிளேலாக் நடத்தினார். அவருக்குப் பின்னால் ஒரு படிக்கட்டின்மேல் நின்று, தையல் எங்கே, எத்திசையில் என்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர். அம்முறையை ஆய்வுக்கூடத்தில் விலங்குகளிடம் செய்து தேர்ந்தவர் அவரே. அவரிடம் இருந்தது உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் மட்டுமே. அப்பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்பியல் முனைவர் பட்டம் வழங்க 1976 வரை ஆயிற்று.

"எல்லாரும் இராமானுசனா? என் மேசையில் நிற்பவர் குழாய்களைச் சமன்செய்யாமல் மையவிலக்கு எந்திரத்தை ஓடவிடுகிறாரே!" என்பார் குறைகூறுபவர். சரியான கேள்வி. சமனற்ற சுழலி எந்திரத்தையே உடைத்துவிடும். கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் ஒருவர் மூன்று மாதம் நடத்திய சோதனை குப்பைக்குத்தான் போகும். கரைசலின் செறிவைத் தவறாகக் குறித்துக் குளிர்பெட்டியில் வைத்தால், அதனை நம்பி எடுத்துப் பயன்படுத்தும் நால்வரின் உழைப்பும் அதனோடு வீண். இப்பிழைகளைத் திருத்தும் சுமை தேர்ந்த மாணவன் தலையில் விழுகின்றது. தன் ஆய்வை மாலைக்கு ஒத்திவைத்துப் பகலெல்லாம் பிறருக்குப் பயிற்சியளிப்பவன் அவன். கட்டுரையில் ஆசிரியர் வரிசை எழுதும்போது அவ்வுழைப்பு எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இதில் அவன் சினம் கொள்வதற்கு முழு நியாயம் உண்டு.

ஆனால், சினம் போகவேண்டிய முகவரி வேறு. கற்பிக்கப்படாததை அறியாதிருத்தல் குற்றமன்று. அவரைச் சேர்த்துக்கொண்டு கற்பியாமல் விட்டதே குற்றம். 2006இல் நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன; பட்டமேற்படிப்பு மாணவர் எண்ணிக்கை அவற்றை மதிப்பிடும் அளவுகோல்களில் ஒன்றாயிற்று. மைபிரெயின்15 என்னும் திட்டம் 2023ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர்கள் என்று இலக்கு வைத்தது. எண்ணிக்கை கேட்டார்கள், துறைகள் எண்ணிக்கை கொடுத்தன. ஆய்வு வழி முனைவர் பட்டத்திலோ, ஆய்வு நெறிமுறை வகுப்பைத் தவிரப் பாடவகுப்பு என்பது பெரும்பாலும் இல்லை. முதல் ஓரிரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தித் தகுதித்தேர்வும் வைக்கும் அமெரிக்க முறையில் வெளிப்பட்டுவிடும் இடைவெளிகள், இங்கே பிறர் மேசையில்தான் வெளிப்படுகின்றன. மேற்பார்வையாளர் கூட்டங்களில் இருப்பார். "மூத்தவரைக் கேள்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். மாதக் கணக்கில் அப்படிக் கேட்கப்படும் மூத்தவர், மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கேட்டவரைத்தான் ஏசுகிறார். மேலே இருப்பவரை ஏசினால் சான்றுக் கடிதம் கிடைக்காது. பக்கத்திலிருப்பவரை ஏசினால் எதுவும் ஆகாது. தகுதி பற்றிய இந்த ஆவேசத்தில் எவ்வளவு துணிவு இருக்கிறதென்று இதிலிருந்து கண்டுகொள்ளலாம்.

புகுமுக வகுப்பை மறந்துவிட்டார்களா தமிழாசிரியர்கள்? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத பிள்ளைகள், முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு அவ்வகுப்பில் அமர்ந்தனர். அவர்களைப் பார்த்து மக்குகள் என்று சிரித்தவர்கள் உண்டு. அச்சிரிப்பு எவ்வளவு சுட்டதென்பதைத் தோட்டப்புறத்துப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் அறிவர். அப்போது தமிழாசிரியர்கள் சொன்னது என்ன? "பிள்ளையிடம் குறையில்லை, மொழியில்தான் இடைவெளி, ஓராண்டு கொடுங்கள், எட்டிப்பிடிப்பான்" என்றார்கள். அவ்வாறே எட்டிப்பிடித்தவர்கள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆயினர். தன் வீட்டுப் பிள்ளைக்கு இடைவெளி என்றும், பிறன் வீட்டுப் பிள்ளைக்குத் தகுதியின்மை என்றும் ஒன்றுக்கே இரண்டு பெயர் வைப்பது ஆசிரியருக்கு அழகாகுமா?

தேர்ந்த மாணவர் கேட்கவேண்டியவை வேறு சில உள. சேர்ந்த முதல் மாதத்தில் ஒவ்வொருவருக்கும், அவர் எங்கிருந்து வந்தவராயினும், அடிப்படைச் செய்முறைச் சோதனை ஒன்று வைக்கவேண்டும். தேறாதவர்க்கு முதல் அரையாண்டில் இணைப்பு வகுப்பு நடத்தவேண்டும். அவ்வகுப்பை நடத்துபவருக்கு, அவர் மாணவராக இருந்தால், ஊதியம் தரவேண்டும். ஆய்வுக்கூடத்தில் பயிற்சியளித்த மணிகளை ஏட்டில் பதிந்து, மேற்பார்வையாளர் கையொப்பமிட வேண்டும். கட்டுரையில் யார் எதைச் செய்தார் என்பதை எழுத்து தொடங்குமுன்பே குறித்து வைக்கவேண்டும். இவற்றைத் துறைத்தலைவர் முன் வைப்பதற்கு ஒரு மேசைக்காரர் போதாது. இருவரும் சேர்ந்தே செல்லவேண்டியிருக்கும்.