மரம் பார்க்கப் போகும் ஆசிரியர்கள் மரம் வெட்டுகிறவரையும் பார்க்கட்டும்

ஆசிரியர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, வனத்தோட்டம், மர ஆலை, தளபாடப் பட்டறை என்று காட்டிவரும் கல்விச் சுற்றுலாக்கள் நல்ல காரியம்தான். புத்தகத்துப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்துவதற்கும், பலகை அறுபடுவதையும் உலர்வதையும் நேரில் கண்டுவந்து நடத்துவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஆனால் நான் போய்வந்த பயணத்தில் காலையிலிருந்து மாலைவரை மரத்தைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும்தான் பேசினார்கள். வாளருகே நின்று கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு நாட்சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்டேன். அது கொந்தராத்துக்காரரின் விஷயம் என்று சொல்லி, எங்களைத் தேநீருக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

இப்படிப்பட்ட பயணங்களை நடத்துகிறவர் யார் என்பதைப் பொறுத்தே காட்டப்படுவது அமைகிறது. அமெரிக்காவில் 1976 இல் தொடங்கி இன்றும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ‘புரொஜெக்ட் லேர்னிங் ட்ரீ’ திட்டத்தின் பின்னாலும் மரத் தொழில்துறையோடு தொடர்புள்ள அமைப்பே நின்றது. அதனால் அதில் கற்றதெல்லாம் பொய்யாகிவிடாது. தொழில்துறை தன் முகத்தைக் கழுவித்தான் காட்டும், அவ்வளவுதான். போகிற ஆசிரியர் தன் கேள்விகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு இது இன்னும் நெருக்கமான சங்கதி. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்கம் 1990 இல் நிறுத்திய பிறகு, நாட்டுக்கு வேண்டிய மரம் வீட்டுத் தோட்டங்களிலிருந்தும் இறப்பர் காணிகளிலிருந்தும் நட்டு வளர்த்த காடுகளிலிருந்தும்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தக் காடுகளில் ஒரு பகுதி நமது லயங்களுக்குப் பின்னாலேயே நிற்கிறது. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது காணியோடு மரமும் போனது. பாட்டன் குழி வெட்டி நட்ட யூகலிப்டஸ் இன்று லொறியில் இறங்கிப் போகிறது. அதில் நமக்கு என்ன பங்கு? கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்கி அடுப்பெரிக்கும் நமது பெண்கள், விழுந்து கிடக்கும் சவுக்குக் கிளை ஒன்றைத் தூக்கினாலும் காவற்காரரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு கணக்கையும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். ஒரு தேயிலை மலையில் கொழுந்தெடுக்க, புல் வெட்ட, கவ்வாத்துச் செய்ய என்று ஆண்டு முழுக்க வேலை உண்டு. அதே மலையில் யூகலிப்டஸ் வைத்தால் நடுவதற்கும் முதல் சில வருடங்கள் புல் வெட்டுவதற்கும் ஆள் வேண்டும். பிறகு மரம் தானே வளரும், பெரட்டில் பெயர் குறையும். வெட்டுகிற காலம் வந்ததும் கொந்தராத்துக்காரர் வெளியாட்களோடு வருவார், அல்லது நமது பையன்களையே நாட்கூலிக்குப் பிடிப்பார். செங்குத்தான சரிவில், தலைக்கவசமோ பூட்ஸோ இல்லாமல், செருப்புக் காலோடு சங்கிலி வாள் பிடிக்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள். மரம் தவறி விழுந்தால் நட்டஈடு கொடுப்பது தோட்டமா, கொந்தராத்துக்காரரா? இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது.

மரத்தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டு, கொழும்பில் கடைக்குப் போகிற பிள்ளைக்கு இது கௌரவமான வழியாகலாம். இறப்பர் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் வற்றியதும் விறகுக்குப் போன மரம் அது. வெட்டிய சூட்டோடு மருந்தேற்றி உலர்த்தினால் மேசை, கதிரை, விளையாட்டுச் சாமான் என்று வெளிநாட்டுக்குப் போகிறது. அந்த வேலைக்குத் தேர்ச்சி வேண்டும், தேர்ச்சி உள்ளவருக்குச் சம்பளம் பேசும் பலமும் கிடைக்கும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தச்சுத் தொழிலுக்கும் உண்டு. வனத்துறைக்கு ஆட்களைப் பயிற்றும் இலங்கை வனவியல் நிறுவனம் நுவரெலியாவிலேயே இருக்கிறது. அந்த நகரத்துச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப்போகும் அப்பாக்களின் பிள்ளைகளிடம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் அப்படி ஓர் இடம் இருப்பது தெரியவில்லை. சுற்றுலாவின் முதல் நிறுத்தமாக அதைத்தான் வைக்க வேண்டும்.

அடுத்த பயணம் ஒழுங்காகும் முன் சங்கம் வலயக் கல்வி அலுவலகத்தோடு பேச வேண்டும். மர ஆலையில் தொழிலாளரோடு, முகாமையாளர் பக்கத்தில் இல்லாமல், ஒரு மணிநேரம் பேச ஆசிரியர்களுக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். வேலைத்தள விபத்து, நட்டஈடு பற்றி விளக்க ஒரு தொழில் உத்தியோகத்தரும் பஸ்ஸில் வரட்டும். தோட்டத் தலைவர்மார் இப்போதே ஒரு வேலை செய்யலாம். உங்கள் தோட்டத்தில் இந்த வருடம் எந்த மலையில் மரம் வெட்டினார்கள், கொந்தராத்து யாருக்கு, நமது பையன்கள் எத்தனை பேர் போனார்கள், யாராவது காயப்பட்டார்களா என்று ஒரு தாளில் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அதிகாரிகளிடம் பேசப் போகும்போது அந்தத் தாள்கள் எங்கள் கையில் இருக்க வேண்டும்.