பிறந்த நாளுக்கு ஒரு படம்

மனிதர்களுக்குப் பிறந்த நாள் கொண்டாட நாம் நட்சத்திரம் பார்க்கிறோம். நட்சத்திரங்களுக்கே பிறந்த நாள் வந்தால் என்ன செய்வது? தேதிதான் பார்க்க வேண்டியிருக்கிறது! காரி கிராண்டுக்கு ஜனவரி 18. சார்லி சாப்ளினுக்கு ஏப்ரல் 16. மே மாதம் பிறந்துவிட்டாலோ ஒரே அமர்க்களம். 4-ஆம் தேதி ஆட்ரி ஹெப்பர்ன், 7-ஆம் தேதி காரி கூப்பர், 12 காதரின் ஹெப்பர்ன், 16 ஹென்றி ஃபோண்டா, 20 ஜேம்ஸ் ஸ்டூவர்ட், 26 ஜான் வேய்ன். ஆபீஸுக்கு மாதம் முழுவதும் லீவு எழுதிப் போட்டால்தான் கட்டுப்படியாகும்.

இது என்ன புதுக் கூத்து என்று கேட்கிறீர்களா? பழைய ஹாலிவுட் படங்களில் பைத்தியம் கொண்டவர்கள் உலகமெங்கும் செய்கிற காரியம்தான். அபிமான நடிகரின் பிறந்த நாளன்று அவர் நடித்த படம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான் விசேஷம். கேக்கு வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம். அமெரிக்காவில் பழைய படங்களுக்கென்றே 1994-இல் 'டர்னர் கிளாஸிக் மூவீஸ்' என்று ஒரு டெலிவிஷன் நிலையம் ஆரம்பித்தார்கள். அவர்கள் பிறந்த நாள் பார்த்துப் படங்களை வரிசையாக ஓட்டுவார்கள். ஆகஸ்டு மாதம் வந்தால் நாளுக்கொரு நட்சத்திரம்.

இந்த விஷயத்தில் நான் ஒரு கட்சி. பார்க்காத படத்தைத் தேடிப் பிடிப்பதை விட, பார்த்த படத்தையே மறுபடி பார்ப்பதுதான் சரியான கொண்டாட்டம் என்பேன். முதல் தடவை பார்க்கும்போது கதை நம் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கொண்டு போய்விடுகிறது. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கவலையில் முகங்களைக் கவனிப்பதில்லை. இரண்டாம் தடவை அந்தக் கவலை கிடையாது. ஓரத்தில் நிற்பவர்கள் கூடக் கண்ணில் படுவார்கள்.

உதாரணத்துக்கு ஆகஸ்டு 29-ஐ எடுத்துக் கொள்வோம். 1915-இல் அன்றுதான் இங்கிரிட் பெர்க்மன் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். 1982-இல் லண்டனில் அவர் காலமானதும் அதே ஆகஸ்டு 29-தான். சரியாக அறுபத்தேழு வயது நிரம்பிய நாள்.

இதைக் கேட்டதும் எங்கள் அத்தை, "ஏண்டா, அப்போ இது பிறந்த நாளா, திவசமா? பாயசம் வைக்கிறதா, எள்ளும் தண்ணியும் இறைக்கிறதா? முதல்லே அதைச் சொல்லு" என்றாள். நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தைப் போட்டுவிட்டேன்.

இங்கிரிட்டின் தகப்பனார் புகைப்படக் கடை வைத்திருந்தவர். குழந்தைக்கு மூன்று வயது நிரம்புவதற்குள் தாயார் போய்விட்டாள். தகப்பனார் ஒரு சினிமாக் காமிராவை இரவல் வாங்கி வந்து, மகளைப் பிறந்த நாள்களில் படம் பிடித்து வைத்தார். அவளுக்குப் பதினாலு வயது நிரம்புமுன் அவரும் போய்விட்டார். அந்தத் துண்டுப் படங்கள் மட்டும் பிழைத்துக் கொண்டன. 2015-இல் ஸ்வீடனில் எடுத்த ஒரு டாகுமெண்டரியில் அவற்றைப் பார்க்கலாம். ஆக, இந்த அம்மாளின் பிறந்த நாளுக்குப் படம் என்ற சம்பிரதாயத்தைத் தொடங்கி வைத்தவர், பெற்ற தகப்பனாரேதான்!

எந்தப் படத்தைப் போடுவது? 'காஸாபிளாங்கா' (1942) என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும், தப்பில்லை. கதாநாயகி கடைசியில் கணவனோடு போவாளா, பழைய காதலனோடு போவாளா என்பதுதான் முதல் தடவை நம் தவிப்பு. வேடிக்கை என்னவென்றால், படம் எடுத்த காலத்தில் இங்கிரிட்டுக்கே அது தெரியாது. கதை முழுசாக எழுதி முடியவில்லை. யாரைக் காதலிப்பதாக நடிப்பது என்று டைரக்டரைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவாக நடித்து வை என்றாராம். நடுவாக நடித்து வைத்ததுதான் இன்று வரைக்கும் பேசப்படுகிறது! ஹம்ப்ரி போகார்ட் அவரை விட உயரம் கம்மி என்பதால் செருப்புக்கு அடியில் கட்டை வைத்து நிற்க வைத்தார்கள் என்பது கொசுறுச் செய்தி.

மறுபடி பார்க்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஜெர்மன் அதிகாரிகள் ஹோட்டலில் உட்கார்ந்து தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். உடனே பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்லி ஒருவன் கட்டளையிட, கூட்டம் முழுவதும் எழுந்து பாடுகிறது. கண்ணீரோடு பாடுகிறாளே ஓர் இளம் பெண், அவள் பெயர் மதலேன் லெபோ. 1940-இல் ஹிட்லரின் படை வந்தபோது புருஷனோடு பாரிஸை விட்டு ஓடி வந்தவள். அந்தப் புருஷன் மார்ஸல் தாலியோவும் அதே படத்தில் சூதாட்ட மேஜைக்காரனாக வருகிறார். நாஜி மேஜராக வந்து நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக் கொள்கிறாரே கான்ராட் வைட், அவரும் யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தான். கூட்டத்தில் இன்னும் பலர் அகதிகள். அது நடிப்பா, அழுகையா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அடுத்து 'காஸ்லைட்' (1944). மனைவிக்குப் பைத்தியம் என்று அவளையே நம்ப வைக்கப் பார்க்கும் புருஷனின் கதை. வீட்டு விளக்கு மங்குகிறது என்று அவள் சொன்னால், "உனக்குத்தான் பிரமை" என்கிறான். இந்தப் படத்தின் பெயரே இங்கிலீஷில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் 2022-ஆம் ஆண்டின் சொல்லாகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பத்தாவது நிமிஷத்தில், "இவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலே? கட்டேல போறவன்!" என்று கண்டுபிடித்துவிட்டாள். இங்கிரிட்டுக்கு முதல் ஆஸ்கார் பரிசு வாங்கித் தந்தது இந்தப் படம்தான்.

இதற்கப்புறம் வந்த கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். 1945-இல் ஒரு படத்தில் கன்னிகாஸ்திரீயாக வந்தார். 1948-இல் ஜோன் ஆஃப் ஆர்க். அமெரிக்க ஜனங்கள் அவரைத் திரையில் பார்த்த வேஷத்தோடு சேர்த்துக் கோவிலிலேயே வைத்துவிட்டார்கள். 1949-இல் அவர் இத்தாலிய டைரக்டர் ரோஸலினியின் படத்தில் நடிக்கப் போனார். புருஷனும், பத்து வயதுப் பெண் பியாவும் அமெரிக்காவில் இருக்க, அங்கேயே தங்கிவிட்டார். 1950 பிப்ரவரியில் ரோஸலினிக்கும் அவருக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. அவ்வளவுதான்! தூக்கி வைத்த கைகளே தூற்றத் தொடங்கின. மார்ச்சு 14-ஆம் தேதி கொலராடோ ஸெனட்டர் எட்வின் ஜான்ஸன் ஸெனட் சபையில் எழுந்து நின்று, அவரைத் தீமையின் சக்தி என்ற தோரணையில் சாடினார். ஒரு நாட்டின் மேல்சபைக்கு அதை விட உருப்படியான அலுவல் அன்றைக்கு இல்லை போலும்.

1956-இல் 'அனஸ்டாஸியா' வந்தது. இரண்டாவது ஆஸ்கார் கிடைத்தது. நேரில் போகவில்லை, காரி கிராண்ட் அவருக்காக வாங்கிக் கொண்டார். 1957-இல் ரோஸலினி படம் எடுக்க இந்தியாவுக்கு வந்ததும், பம்பாயில் எழுந்த வம்புக்கு எங்கள் தொழில்காரர்கள் எண்ணெய் ஊற்றியதும், அந்த மணவாழ்வு முறிந்ததும் தனிக் கதை. 1972-இல் ஸெனட்டர் சார்லஸ் பெர்ஸி, சபைக் குறிப்பிலேயே அவருக்கு மன்னிப்பு ஏற்றி வைத்தார். இருபத்திரண்டு வருஷம் கழித்து!

ஸெனட்டர்களின் கணக்கு அதோடு தீர்ந்தது. ஆனால் பத்து வயதுப் பெண்ணின் கணக்கு? அது சபைக் குறிப்பில் ஏறுகிற சமாசாரமா? அதனால்தான், பிறந்த நாளன்று ஒரே ஒரு படம் என்றால் நான் 'ஆட்டம் ஸொனாட்டா'வை (1978) போடுகிறேன். இது ஹாலிவுட் படமே இல்லை, ஸ்வீடன் படம். டைரக்டர் இங்மார் பெர்க்மன். பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது. கச்சேரி கச்சேரியாக ஊர் சுற்றிப் பெண்களைக் கவனிக்காமல் விட்ட பியானோக்காரத் தாய் ஒருத்தி, வெகுகாலம் கழித்து மகள் வீட்டுக்கு வருகிறாள். இப்படி ஒரு வேஷத்தை இங்கிரிட் ஏற்றுக் கொண்டாரே, அதை நினைத்துக் கொண்டு பாருங்கள். ஒத்திகையில் அந்தத் தாய்க்காக டைரக்டரோடு அவர் வாதாடினார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. 1974-இலேயே புற்றுநோய் கண்டுவிட்டது.

மகளாக நடிப்பவர் லிவ் உல்மன். ஷோபாவின் சின்ன உருப்படி ஒன்றைத் தாய் முன்னால் தடுமாறித் தடுமாறி வாசிக்கிறாள். தாயின் முகத்தில் பிரியம் வருகிறது, பொறுமையின்மை வருகிறது, 'பாவம்' என்பதும் வருகிறது. பிறகு தாயே உட்கார்ந்து, "இப்படி வாசிக்க வேண்டும்" என்று அதையே வாசித்துக் காட்டுகிறாள். முதல் தடவை பார்க்கும்போது அந்த இடத்தில் இங்கிரிட்டையே பார்த்துக் கொண்டிருப்போம். மறு தடவை, பக்கத்தில் உட்கார்ந்து தாயையே பார்க்கிற மகளின் முகத்தைப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதை நடு ராத்திரிக்கு வைத்திருக்கிறாள்.

அத்தை இந்தப் படம் முழுவதும் வாயே திறக்கவில்லை. முடிந்ததும், "அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணும் தப்பில்லே" என்றாள். படுக்கையை உதறிப் போட்டுவிட்டு, "அவளும்தான் என்ன பண்ணுவா?" என்றாள். விளக்கை அணைத்துவிட்டாள்.

1982-இல் கோல்டா மேயராக டெலிவிஷனில் நடித்ததுதான் கடைசி வேஷம். அதற்குக் கிடைத்த எம்மி பரிசைத் தாயார் மறைந்த பிறகு மேடை ஏறி வாங்கிக் கொண்டவள், பியா.

'காஸ்லைட்'டை எடுத்து வைத்தவர்கள் உள்ளே பூட்டிவிடாதீர்கள். அக்டோபர் 16-ஆம் தேதிக்கும் அதுவே உதவும். அதில் வாய்த்துடுக்கான வேலைக்காரியாக வருகிற ஆஞ்செலா லான்ஸ்பரிக்கு அதுதான் முதல் படம். அப்போது பதினேழு வயது. சிகரெட் பற்ற வைக்கும் காட்சி ஒன்று உண்டு. பதினெட்டு வயது நிரம்பாமல் அதை எடுக்கக் கூடாது என்று சட்டம் குறுக்கே வந்தது. 1943 அக்டோபர் 16 வரையில் காத்திருந்து, படப்பிடிப்பு இடத்திலேயே பிறந்த நாள் விருந்து வைத்து, அப்புறம்தான் பற்ற வைத்தார்கள். அன்றைக்குப் படம் போடும்போது எஜமானியம்மாளை விட்டுவிட்டு, வேலைக்காரியை மட்டும் கவனியுங்கள்.