வெந்நீரில் போட்டால்தான் அழுக்கு விடுமா?

துணியை வெந்நீரில் ஊறவைத்தால்தான் அழுக்கு விடும், எண்ணெய்ப் பிசுக்கு போகும், கிருமி சாகும் என்பது மதுரை வீடுகளில் பரவலாக நிலவும் கருத்து. காளவாசல், அரசரடி, பொன்மேனி வட்டாரத்து அடுக்குமாடிகளில் ஹீட்டர் பொருத்திய வாஷிங் மெஷின்கள் வந்தபின் இந்தக் கருத்துக்குப் புது வலு கிடைத்திருக்கிறது. மெஷினிலேயே 40, 60, 90 என்று எண் போட்டிருக்கும்போது பச்சைத் தண்ணீரில் துவைப்பது ஏதோ அரைகுறை வேலை என்று தோன்றிவிடுகிறது. மெஷின் இல்லாத வீட்டில் அதே வேலையை ஹீட்டர் ராடு செய்கிறது. இந்தக் கருத்துக்குச் சொல்லப்படும் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்கு உரியவை, மதுரைக்குப் பொருந்தாதவை.

முதல் காரணம், பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் சரியாக வேலை செய்யாது என்பது. எந்தப் பச்சைத் தண்ணீர் என்று கேட்க வேண்டிய இடம் இது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குழாயைத் திறந்தால் 10 டிகிரிக்கும் குறைவான நீர் வரும். அதில் தூள் கரையாது, கொழுப்பு இளகாது. சூடாக்கியே ஆக வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த, 2013 டிசம்பர் முதல் விற்கும் வீட்டு வாஷிங் மெஷின்களில் 20 டிகிரியில் துவைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. அங்கே சிக்கனத்துக்காக இறங்கிவரும் அந்த 20 டிகிரியைவிட மதுரைக் குழாய்த் தண்ணீர் எப்போதும் சூடானது. நிலத்தடி நீரின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும்; மதுரையில் அது 28, 29 டிகிரி. போர் தண்ணீர் மொட்டைமாடியின் கறுப்புத் தொட்டியில் ஏறி நின்றபின் சித்திரை வெயிலில் என்னவாகும் என்பதை, மதியம் குழாயைத் திறந்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டவர்கள் அறிவார்கள். மார்கழியில்கூட மதுரையின் அதிகாலை வெப்பம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஐரோப்பியக் கையேட்டில் 30 டிகிரித் துவைப்பு என்று எழுதியிருப்பது, காளவாசலில் சுவிட்சைத் தொடாமலே நடந்துவிடுகிறது.

சூடு ஒன்றுதான் அழுக்கை எடுக்கிறது என்பதும் தவறு. ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் துவைப்பை நான்கு காரணிகளாக வகுத்துக் காட்டினார்: சோப்பின் ரசாயனம், வெப்பம், நேரம், கசக்கும் விசை. ஒன்று குறைந்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுகட்டலாம். அரை மணி நேரம் கூடுதலாக ஊறவைப்பதும், சட்டைக் கழுத்துப் பட்டியில் பிரஷ் போடுவதும் சூட்டின் வேலையைப் பெருமளவு செய்துவிடும். 60 டிகிரி என்ற எண்ணுக்கே ஒரு பழைய காரணம் உண்டு. ஹென்கெல் 1907-ல் கொண்டுவந்த பெர்சில் தூளில் வெளுப்புக்காகச் சேர்த்த பெர்போரேட், 60 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அந்தத் தூளுக்கான சூடு, பின்னர் எல்லாத் தூளுக்குமான சூடாக மக்கள் மனதில் தங்கிவிட்டது.

இப்போதைய தூள்களின் போக்கு நேர்மாறானது. விலை கூடிய தூள்களிலும் திரவங்களிலும் நொதிகள் சேர்க்கப்படுகின்றன. புரதக் கறையை ஒரு நொதியும், சோற்றுக் கஞ்சி போன்ற மாவுக் கறையை இன்னொன்றும், கொழுப்பை மற்றொன்றும் உடைக்கும். கொழுப்பை உடைக்கும் லிப்போலேஸ் நொதியை டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1988-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த நொதிகளில் பெரும்பாலானவை 30 முதல் 50 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். 60-ஐத் தாண்டினால் சீக்கிரம் செயலிழக்கும். கூடுதல் விலை கொடுத்து நொதித் தூள் வாங்கி, அதைக் கொதிநீரில் கொட்டுவது காசைக் கரைப்பதுதான்.

அடுத்த காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. இதில் பாதி உண்மை இருக்கிறது. உறைந்த கொழுப்பு துணியை விட்டு வராது, உருகினால் வரும். ஆனால் எந்தக் கொழுப்பு எந்தச் சூட்டில் உருகும் என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டுக் கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல் வேண்டும். அதைச் சமையலில் புழங்கிய நாடுகளில் வெந்நீர் நியாயமானது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மதுரையில் உறைவதே இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டில் இருப்பது திரவ எண்ணெய்தான். அதற்கு வேண்டியது சூடு அல்ல. துண்டு நனையும் முன்பே பிசுக்குள்ள இடத்தில் சோப்பைத் தேய்த்துச் சற்று நேரம் விடுவது. நெய், வனஸ்பதி, மெழுகு ஆகிய மூன்றும் விதிவிலக்கு. நெய் பட்ட வேட்டிக்கு 40 டிகிரி வெதுவெதுப்பு உதவும்.

கறை விஷயத்தில் வெந்நீர் உதவாததோடு கெடுதலும் செய்கிறது. இரத்தம், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ள புரதம் சூடுபட்டால் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய்க் கறையையோ, காயம்பட்ட பிள்ளையின் சட்டையையோ வெந்நீரில் போட்டால் அதன்பின் அந்தப் பழுப்பு வட்டம் எளிதில் போகாது. இவற்றை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகுதான் சோப்பு போட வேண்டும். சாம்பார் கறை வேறு கதை. வெள்ளை வேட்டியில் மஞ்சள் திட்டுக்குச் சோப்புக் கட்டியைத் தேய்த்தவுடன் அது செக்கச்செவேலென்று மாறும். பதறிப்போய் வெந்நீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும்; நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். அது தண்ணீரில், சூடானாலும் ஆறினாலும், சரியாகக் கரையாது. அதை அழிப்பது வெளிச்சம். துவைத்த வேட்டியை, கறை மேலே தெரியும்படி மொட்டைமாடி வெயிலில் போட்டால் மங்கிவிடும். விடாப்பிடியான கறைக்கு மறுநாளும் போட வேண்டியிருக்கும்.

கிருமி சாகும் என்ற வாதம்தான் மக்களை அதிகம் அசைப்பது. அது பொய்யில்லை, ஆனால் வீட்டில் நடப்பது அதுவல்ல. மருத்துவமனைச் சலவைக்கு இங்கிலாந்தில் கடைப்பிடிக்கும் அளவு, 65 டிகிரியில் பத்து நிமிடம் அல்லது 71 டிகிரியில் மூன்று நிமிடம். வீட்டில் ஒரு வாளி நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் கலந்தால் கிடைப்பது 45 டிகிரி. துணியைப் போட்டதும் அது இன்னும் இறங்கும். கையால் கசக்க முடிகிற சூட்டில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை. சாகும் சூட்டில் கையை வைக்க முடியாது. 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். அன்றாடத் துணியில் கிருமி குறைவது, சோப்பு அதைப் பிரித்தெடுத்து அலசும் நீரோடு வெளியேற்றுவதால். அடுத்து, வெயிலில் துணி முற்றிலும் காய்வதால். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்ட துணி ஈரவாடை அடிப்பதற்கும், அது வெந்நீரில் துவைக்கப்படாததற்கும் தொடர்பு குறைவு. நெடுநேரம் ஈரமாக இருப்பதால் பெருகும் பாக்டீரியாக்களின் வேலை அது. மின்விசிறிக்கு அடியில் இடைவெளி விட்டுப் போட்டால் வாடை பெரும்பாலும் நின்றுவிடும்.

உப்புத் தண்ணீரைச் சுடவைத்தால் நுரை வரும் என்பதும் இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மதுரையில் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். துவைக்கப் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரியவைத்து, துணியில் சாம்பல் நிறப் படிவமாக உட்கார வைக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. இந்தக் கடினத்தன்மையில் பைகார்பனேட்டால் வரும் பங்கு மட்டுமே கொதிக்க வைத்தால் நீங்கும். சல்பேட், குளோரைடால் வரும் பங்கு எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும். கொதி வராமல் வெறுமனே சூடாக்குவதில் பெரிதாக எதுவும் மாறாது. ராடின் மேல் வெள்ளை ஓடு படிவது மட்டும் நிச்சயம். அந்த ஓடு ஏற ஏற வெப்பம் நீருக்குப் போவது தடைபட்டு, ராடு எரிந்துபோகிறது. மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டருக்கும் இதே கதிதான். உப்புத் தண்ணீருக்கு ஏற்ற மருந்து, சோப்புக் கட்டிக்குப் பதில் டிடர்ஜென்ட் பயன்படுத்துவதும் ஒரு பிடி சலவைச் சோடா சேர்ப்பதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஒதுக்க முடிந்தால் வெள்ளைத் துணி மங்காது.

முன்னோர் வெள்ளாவி வைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வியில்தான் சரக்கு இருக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் துணியை உவர்மண் கரைசலில் நனைத்துப் பிழிந்து, பெரிய பானையின் மேல் வளையமாக அடுக்கி, அடியில் நெருப்பு மூட்டி இரவெல்லாம் ஆவியில் வேகவிட்டார்கள். மறுநாள் ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, மணலில் விரித்து வெயிலில் உலர்த்தினார்கள். அதில் இருந்தது 100 டிகிரி ஆவி, பல மணி நேரம், உவர்மண்ணின் காரம், கல்லில் அடிக்கும் விசை, வெயில் எல்லாம் சேர்ந்த ஒரு முழு முறை. டிடர்ஜென்ட்டும் நொதியும் இல்லாத காலத்தில் அதற்கு மேலான வழி கிடையாது. ஆனால் அது முரட்டு வெள்ளைப் பருத்திக்கான முறை. சாயத் துணியையும் பட்டையும் வெள்ளாவிக்கு வெளியேதான் வைத்தார்கள். அரை வாளி வெந்நீரில் கலர் சட்டையை முக்கி எடுப்பவர் வெள்ளாவி மரபைத் தொடர்வதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

சாயத்தைப் பொறுத்தவரை மதுரைக்காரர்களுக்குச் சுங்குடியே சான்று. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பருத்திச் சேலையை, சௌராஷ்டிர சமூகத்தார் துணியில் முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்த்து உருவாக்கினார்கள். முடிச்சு அவிழ்ந்த இடத்தில் நிற்கும் வெள்ளைப் புள்ளிதான் அதன் அழகு. நூலில் இறுகப் பிடிக்காத சாயம் முதல் சில துவைப்புகளில் வெளியேறும். நீர் சூடாக இருந்தால் அதிகமாக வெளியேறிப் புள்ளிக்குள் ஏறிவிடும். தனியாக, பச்சைத் தண்ணீரில், வெகுநேரம் ஊறவிடாமல் அலசி நிழலில் உலர்த்துவதே சுங்குடிக்குச் சரி. பருத்தி சுருங்குவதும், உள்ளாடை எலாஸ்டிக் தளர்வதும், பாலியெஸ்டர் சீருடையில் சுருக்கம் நிலைப்பதும் வெந்நீரின் மற்ற பலன்கள். சட்டைக் கழுத்தின் உள்ளே தைத்த பட்டியில் வாளிப் படத்துக்குள் 40 என்று இருந்தால், 40 டிகிரியில் துவைக்கச் சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது உச்சவரம்பு, அதற்கு மேல் போகாதே என்பதே பொருள்.

செலவு எளிய கணக்கு. 20 லிட்டர் நீரை 30-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும்; 1500 வாட் ராடு ஏறத்தாழ அரை மணி நேரம் ஓட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கும் வீட்டில் இது இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 21 யூனிட். மின்வாரியம் தரும் 100 இலவச யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

வெந்நீர் வேண்டிய இடங்களும் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டவரின் துணி, கைக்குழந்தையின் மலம் பட்ட துணி, சிரங்கு வந்தவரின் விரிப்பும் தலையணை உறையும், தூசியால் இளைப்பு வருபவரின் படுக்கை விரிப்பு, பிசுக்கேறிய அடுப்படிக் கைப்பிடித் துணி ஆகியவற்றை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு 60 டிகிரிக்குக் குறையாத நீரில் துவைக்க வேண்டும். மெஷினில் 60 வைத்தால் போதும். கையால் துவைப்பவர்கள் பருத்தித் துணியைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடலாம். எப்போதும் பச்சைத் தண்ணீரில் ஓடும் மெஷினை, துணி போடாமல் மாதம் ஒருமுறை 60 டிகிரியில் ஓட்டினால் டிரம்மில் படியும் வழவழப்பும் வாடையும் போகும். ராடு போடுவதானால், நீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட வேண்டும்.