ஏழு வயசுக்கு எதுக்குங்க வெளியூர் டோர்னமென்ட்?

போன மாசம் ஊருக்குப் போன ராத்திரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு வாண்டு. இரண்டாங்கிளாஸ். ஏழு வயசுக்குட்பட்டோர் செஸ் போட்டி முடிந்து திரும்புகிறான். "எப்படிடா ஆடினே?" என்று கேட்டேன். அவன் வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டார். "ஒம்பது ரவுண்டில் நாலு பாயின்ட்தான் தம்பி. எட்டாயிரம் ரூபாய் போச்சு." பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எட்டாயிரம் கணக்கு அந்தப் பிஞ்சுக்கு எதுக்கு?

'பிரக்ஞானந்தா 2013-லேயே எட்டு வயசுக்குட்பட்டோர் உலகப் பட்டம் ஜெயிக்கலையா?' என்பீர்கள். ஜெயித்தார், சந்தோஷம். ஊர் ஊராக அலைந்து, பதினோரு வயசில் போர்டைப் பரணில் போட்டவன் நான். என் மாதிரி ஆட்களை யாரும் எண்ணுவதே இல்லையே!

நார்வே விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-லேயே குழந்தைகளுக்கென்று தனி விதி போட்டது. இப்போது அங்கே 13 வயசுக்குக் கீழே தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. 11 வயசு வரை ரேங்க் பட்டியலே கூடாது. பொடிசுகள் உள்ளூரில்தான் ஆடணும். சோடை போய்விட்டார்களா என்ன? மொத்தமே சுமார் 55 லட்சம் ஜனம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம், முதலிடம்! (பனி இருக்கு, பணம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பிள்ளைகளை விரட்டாததால் எதுவும் குறைந்துவிடவில்லையே.)

ஏழு வயசுப் பிரிவை மாவட்டத்தோடு நிறுத்துங்கள் என்கிறேன். அந்த எட்டாயிரத்துக்கு உள்ளூர் மாஸ்டரிடம் மாசக்கணக்கில் கற்கலாம், ராத்திரி வீட்டிலும் தூங்கலாம்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ ஒழுங்கா ஆடியிருந்தா இப்படிப் பேசமாட்டே" என்றார்.